கல்லாப்பெட்டி வேறு, தர்மப்பெட்டி வேறு: நீலகிரியில் தொழிலோடு இறைப்பணியும் ஊர்ப்பணியும் செய்யும் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வர்க்கி என்னும் மொறுமொறு பிஸ்கட் சுடும் அடுப்பு, சாக்லேட் கடை, தைலக் கடை, தையல் கூடம், இரண்டு அறை காட்டேஜ், அரை ஏக்கர் தேயிலை. இப்படி ஏதோ ஒன்றை வைத்துக் குடும்பத்தை நடத்தும் பெண்கள் மலையில் நிறைய. மாரியம்மன் திருவிழா என்றாலும், சர்ச்சில் அறுப்பின் பண்டிகை என்றாலும், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி என்றாலும், நன்கொடைப் புத்தகம் முதலில் வந்து நிற்பது இவர்கள் கடை வாசலில்தான். மனமிருந்தும் கணக்குப் பிடிபடாமல் கையைச் சுட்டுக்கொள்பவர்களுக்காகத் தொகுத்த பதில்கள் இவை.

வருமானத்தில் எவ்வளவு ஒதுக்கலாம்? விற்பனையில் சதவீதமா, லாபத்தில் சதவீதமா?

தமிழ்நாட்டு வணிகர்களிடம் இதற்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: மகமை. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கென்று முதலிலேயே எடுத்து வைப்பது. விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை இந்த மகமையாலும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியாலும் நின்ற பள்ளி. அந்தக் காலத்து மகமையைப் பெரும்பாலும் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்தார்கள், அதாவது விற்பனையின் மேல். ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும் சந்தைக்கு அது பொருந்தும். மலைத் தொழிலுக்குப் பொருந்தாது.

ஒரு வர்க்கிக் கடையை எடுத்துக்கொள்வோம். மே மாதம் விற்பனை ரூ.4,00,000, செலவு போக மிச்சம் ரூ.70,000. ஜூலையில் தென்மேற்குப் பருவமழை, கூட்டமில்லை. விற்பனை ரூ.1,30,000, வாடகையும் கூலியும் போக ரூ.6,000 கைநஷ்டம். விற்பனையில் 2 சதவீதம் என்று நேர்ந்துகொண்டால் மே மாதம் ரூ.8,000, ஜூலையில் ரூ.2,600. இந்த ரூ.2,600 கடை முதலீட்டிலிருந்து போகிறது. இப்படி மூன்று மழை மாதம் போனால் செப்டம்பரில் இரண்டாம் சீசனுக்கு மைதா வாங்கக் கடன் வாங்க வேண்டிவரும்.

லாபத்தில் சதவீதம் என்று வைத்தால் மே மாதம் 10 சதவீதத்துக்கு ரூ.7,000, ஜூலையில் ஒன்றுமில்லை. எங்கள் யோசனை இரண்டையும் கலந்தது: மழை மாதத்திலும் வலிக்காத ஒரு சிறு தொகையை, ரூ.500 என்றால் ரூ.500, மாதாமாதம் போட்டு வாருங்கள். மார்ச் முடிந்து ஆண்டுக் கணக்குப் பார்த்ததும் லாபத்தில் நீங்கள் எண்ணிய பங்கைக் கணக்கிட்டு, போட்டது போக மீதியைச் சேர்த்துவிடுங்கள்.

பெண்கள் நடத்தும் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழை ஒன்று. உங்கள் உழைப்புக்கு உங்களுக்கே கூலி போட்டுக்கொண்டீர்களா? விடியற்காலை மூன்று மணிக்கு மாவு பிசைவதற்கு வேறு ஆள் வைத்தால் மாதம் ரூ.15,000 கொடுக்க வேண்டியிருக்கும் என்றால், மே மாத லாபம் ரூ.70,000 அல்ல, ரூ.55,000. ஜூலை நஷ்டமும் ரூ.6,000 அல்ல, ரூ.21,000. சொந்தக் கூலியைக் கழிக்காத லாபத்தின் மேல் மகமை எடுத்தால், கொடுப்பது உங்கள் கூலியிலிருந்துதான். தெரிந்தே கொடுத்தால் நல்லது. தெரியாமல் கொடுத்தால் மூன்றாம் வருடம் கடையை விற்க வேண்டிவரும்.

தேயிலை வைத்திருப்பவர்களுக்கு: பச்சைத் தேயிலைக்குத் தொழிற்சாலை மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கு முடிக்கிறது, விலையும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று நேர்ந்துகொள்ளாதீர்கள். பறிகூலியும் உரமும் கழித்துக் கையில் வந்த தொகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒதுக்கிய பணத்தை எங்கே வைப்பது?

கல்லாவில் மட்டும் வேண்டாம். உங்கள் பெயரிலேயே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு போதும். உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் 40 பக்க நோட்டு ஒன்றில் தேதி, தொகை, யாருக்கு என்று மூன்று பத்தியில் எழுதுங்கள். சாமி படத்துக்குப் பின்னால் டப்பாவில் போடும் பழக்கம் இருந்தால் விட வேண்டாம், மாதக் கடைசியில் எண்ணி வங்கியில் கட்டிவிடுங்கள். டப்பாவிலிருந்து கேஸ் சிலிண்டருக்கு எடுப்பது, பிறகு போடலாம் என்று நினைப்பது, மறப்பது என்று போகும். சுயஉதவிக் குழுப் பணத்தோடு இதை ஒருநாளும் கலக்கக் கூடாது. அது பத்துப் பேர் பணம்.

கடன் இருக்கும்போது தர்மம் செய்யலாமா?

வங்கித் தவணை நேரத்துக்குப் போகிறது என்றால் செய்யலாம். வேலையாட்களின் கூலி பாக்கி, மளிகைக்காரருக்குத் தர வேண்டியது, வரி, தவணை ஆகியவற்றை முடித்த பிறகுதான் தர்மக் கணக்கு. எந்த மதத்துப் பெரியவரைக் கேட்டாலும் இந்த வரிசையைத்தான் சொல்வார். கூலியை இரண்டு வாரம் நிறுத்திவைத்துவிட்டு உபயம் செய்தால், பந்தியில் பரிமாறும் அதே ஆள்தான் அதை ஊருக்குச் சொல்வார்.

கடைச் சரக்குக்கு ஜகாத் எப்படிக் கணக்கிடுவது?

ஜகாத் என்பது வசதியுள்ள இஸ்லாமியர் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய கட்டாய தர்மம். சந்திர ஆண்டு கணக்கில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பலர் ரமலானில் ஒரு நாளை வைத்துக்கொள்கிறார்கள். அந்த நாளில் கையிலும் வங்கியிலும் உள்ள பணம், விற்பனைக்கான சரக்கின் அன்றைய சந்தை விலை, திரும்ப வரும் என்று நம்பிக்கையுள்ள வரவேண்டிய பாக்கி, இவற்றைக் கூட்டி, உடனடியாகத் தர வேண்டியதைக் கழித்து, மிச்சத்தில் 2.5 சதவீதம்.

பேக்கரி என்றால் மைதா, சர்க்கரை, டால்டா, அடுக்கில் இருக்கும் வர்க்கி எல்லாம் சேரும். அடுப்பு, மாவு பிசையும் இயந்திரம், கட்டடம், எரிக்க வாங்கிய விறகு சேராது. கையிருப்பு ரூ.1,20,000, சரக்கு ரூ.2,80,000, வரவேண்டியது ரூ.60,000, மைதா மண்டிக்குத் தர வேண்டியது ரூ.90,000 என்றால் கணக்குக்குரியது ரூ.3,70,000. ஜகாத் ரூ.9,250.

இது கடமையாகும் அளவை எட்டியதா என்பதில்தான் குழப்பம் வரும். தங்கத்தை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 11 பவுன் மதிப்பு வேண்டும். வெள்ளியை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 600 கிராம் போதும். வெள்ளிக் கணக்கில் கடமையாகி, தங்கக் கணக்கில் ஆகாமல் போகிற கடைகள்தான் மலையில் அதிகம். உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) ஒரு முறை கேட்டு, ஒரே அளவை ஆண்டுதோறும் பின்பற்றுங்கள். போட்டிருக்கும் நகை விஷயமும் அப்படியே: ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) அதற்கும் ஜகாத் உண்டு, ஷாஃபி மத்ஹபில் வழக்கமாக அணியும் நகைக்கு இல்லை.

ஜகாத் பணம் யாருக்குப் போகலாம் என்பதற்கு எட்டுப் பிரிவுகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. பள்ளிவாசலுக்கு பெயின்ட் அடிக்கவோ வருவோர் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றவோ அதிலிருந்து எடுக்க முடியாது. அதற்கு சதக்கா, அதாவது விரும்பிக் கொடுக்கும் தர்மப் பணம். ஆகவே நோட்டில் இரண்டு பக்கம் வேண்டும்.

தசமபாகம் மொத்த வரவிலா, மிச்சத்திலா?

தசமபாகம் என்பது வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சர்ச்சுக்குக் கொடுப்பது. சம்பளக்காரருக்கு இந்தக் கேள்வி எளிது. கடைக்காரருக்கு மொத்த விற்பனையில் பத்தில் ஒன்று என்பது நடக்காத காரியம், பலசரக்குக் கடையின் லாப விகிதமே அதற்குக் கீழே இருக்கும். உங்களுக்கென்று எடுத்துக்கொண்ட கூலியும் ஆண்டு லாபமும் சேர்ந்ததுதான் உங்கள் வருமானம். அதில் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆயர் மறுக்கமாட்டார்.

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கடைப் பொருள் கொடுப்பவர்கள், கொடுத்த பொருளின் அடக்க விலையை மட்டும் காணிக்கையாக எழுதுங்கள். ஒரு கட்டு கேரட் ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போனால் அந்தப் புண்ணியம் ஏலம் எடுத்தவருக்கு.

300 பேருக்கு அன்னதானம் செய்ய யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கோயில் நிர்வாகம் அல்லது ஊர்க் கமிட்டி முதலில். உதகை மாரியம்மன் போன்ற கோயில்களில் சித்திரைத் திருவிழா நாட்களை ஒவ்வொரு சமூகத்துக்கும் உபயமாகப் பிரித்திருப்பார்கள். அடுத்தவர் உபய நாளில் போய் நீங்கள் அடுப்பு மூட்டினால் அது வம்பு. அறநிலையத் துறைக் கோயிலாக இருந்தால் செயல் அலுவலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள், அந்தக் கோயில் பெயரைச் சொல்லி வெளியே பணம் வசூலிக்காதீர்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் தேவை. இலவசமாகத்தானே தருகிறோம் என்பது காரணமாகாது. ஃபாஸ்காஸ் (FoSCoS) என்னும் உணவு உரிமப் பதிவு இணையதளத்தில் சிறு உணவு வணிகர்களுக்கான பதிவு ஆண்டுக்கு ரூ.100. பேக்கரிக்காரர்களிடம் ஏற்கெனவே கடைக்குப் பதிவோ உரிமமோ இருக்கும், ஆனால் அது கடை முகவரிக்கு மட்டும். வேறிடத்தில் சமைப்பதானால் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். சாலையோரப் பந்தல் என்றால் நகராட்சியும் காவல் நிலையமும்.

சமையல்காரர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோ வேனில் வருகிறார்களா? 2024 மே 7 முதல் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவெண் கொண்ட வண்டிக்குத் தேவையில்லை. இதை மறந்து சோதனைச் சாவடியில் நிற்கும் வேனுக்காகப் பந்தி காத்திருக்கும்.

கீழே சமைத்த அதே அளவில் சமைத்தோம், பருப்பு வேகவில்லை. ஏன்?

உதகை 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 சுமார். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த அண்டாவில் அதற்கு மேல் சூடேறாது, தண்ணீர்தான் வற்றும். அரிசி தாமதமாக வேகும், துவரம்பருப்பு விதைவிதையாகவே நிற்கும். கூடலூரில் உயரம் குறைவு, அங்கே வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. கீழிருந்து வரும் சமையல்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில்தான் தோற்கிறார்கள். அனுபவசாலிகள்தான் அதிகம் தோற்பது, அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

பருப்பை அண்டாவில் போடவே வேண்டாம். ஒரு மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூளும் இரண்டு கரண்டி எண்ணெயும் விட்டுப் பெரிய குக்கரில் வேகவையுங்கள். 22 லிட்டர் குக்கரில் ஒரு தடவைக்கு 3 கிலோவுக்கு மேல் போடக் கூடாது. பருப்பு நுரைத்து வெயிட் துளையை அடைத்தால் ஆபத்து. கீழே வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதல். உப்பும் புளியும் பருப்பு வெந்த பிறகுதான்.

சாம்பார் சாதத்துக்கு 300 பேர் கணக்கு: அரிசி 24 கிலோ, துவரம்பருப்பு 9 கிலோ, காய் 16 முதல் 18 கிலோ, புளி ஒன்றேகால் கிலோ, எண்ணெய் 3 லிட்டர், சாம்பார்த்தூள் ஒன்றே முக்கால் கிலோ. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். காய்க்குக் கேரட், பீன்ஸ், உருளை, மேரக்காய் (சௌசௌ) எல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கீழிருந்து ஏறி வருவதால் விலை கூடும், அவை இல்லாமலும் சாம்பார் சாதம் ஆகும். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, கீழே விடுவதைவிடக் கால் பங்கு தண்ணீர் கூட விடுங்கள். நேரம் ஒன்றரை மடங்கு. பந்தி பன்னிரண்டரைக்கு என்றால் ஏழரைக்கு அடுப்பு எரிய வேண்டும்.

தயிர் சாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது பால் பத்து, பன்னிரண்டு மணி நேரமானாலும் தயிராகாது. வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றி, பாத்திரத்தைச் சாக்கால் சுற்றி அடுப்படியில் வைத்தால் ஆகும். ஆனால் அந்தக் குளிரில் தயிர் சாதத்தைக் கையில் வாங்குபவர் முகத்தைப் பாருங்கள். ரசம் சாதம் போடுங்கள், மிளகு கொஞ்சம் தூக்கலாக.

சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, ஆனால் அடுப்பு எரியவில்லை.

குளிரில் இது சகஜம். சிலிண்டருக்குள் இருப்பது புரொபேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரொபேன் எளிதில் ஆவியாகி முதலில் தீர்ந்துவிடும். பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே ஆவியாகவே ஆகாது. பெரிய அடுப்பு வேகமாக இழுக்கும்போது சிலிண்டரே குளிர்ந்து வெளியே பனி படியும். உள்ளே மூன்று, நான்கு கிலோ மிச்சமிருக்கும்போதே தீ சிறுத்துவிடும்.

ஒரே அடுப்புக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர் இரண்டை ஒரே நேரத்தில் இணையுங்கள். இழுப்பு பாதியாகும், குளிர்வதும் குறையும். முந்தின இரவு சிலிண்டரை வெளியே பனியில் விடாதீர்கள். கொதிநீர் ஊற்றுவது, தீப்பந்தம் காட்டுவது, படுக்கவைத்து உருட்டுவது இவற்றில் எதுவும் கூடாது. வீட்டுச் சிலிண்டரைப் பொதுச் சமையலுக்குக் கொண்டுவருவது சட்டப்படியும் தவறு, விபத்து நடந்தால் காப்பீடும் கிடைக்காது.

தட்டு, டம்ளர், தண்ணீர்?

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு இந்த மாவட்டத்தில் கடும் தடை. சிறிய தண்ணீர் பாட்டில்களும் அதில் அடங்கும். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தடைப் பட்டியலில் இருக்கிறது, இதுதான் பலருக்குத் தெரியாமல் அபராதம் கட்ட வைக்கிறது. பாக்கு மட்டைத் தட்டு, தையல் இலை, வாழை இலை ஆகலாம். உதகைக் குளிருக்கு வாழை வராது. இலைக்கட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து முந்தின நாள் மாலையே வர வேண்டும், அதையும் பனியில் வைத்தால் காலையில் கருத்துக் கிழிந்துவிடும்.

எவர்சில்வர் டம்ளர் 100 வாங்கிவிட்டால் 300 பேருக்குச் சுற்றும், கழுவ இரண்டு பேரும் வெந்நீரும் இருந்தால். பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் கழுவினால் கை மரத்துப்போகும், கழுவல் அரைகுறையாகும். தண்ணீரைக் காய்ச்சி, குழாய் வைத்த டிரம்மில் வையுங்கள். குடத்தில் சொம்பு விட்டு எடுப்பது வேண்டாம்.

மிச்சமான சோற்றை என்ன செய்வது?

மலைக் குளிர் ஃபிரிட்ஜ் மாதிரிதானே என்று நினைத்து இரவு வரை வைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அண்டாவின் மேல் சோறு சில்லிட்டிருக்கும், நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். சோறு கெடுவது அந்த நடுவில்தான். சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்து முடியுங்கள்.

வெளியே கொட்டாதீர்கள். காட்டெருமை, காட்டுப்பன்றி, குரங்கு, கரடி எல்லாம் அந்த வாசனைக்கு வரும், வந்த இடத்துக்குத் திரும்ப வரும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது புதிய செய்தியல்ல. திருவிழாவுக்கு வாங்கிய எண்ணெய் டின், வெல்லம், நெய், வாழைப்பழத்தாரை இரவில் கோயில் அறையில் வைக்க வேண்டாம். ஊருக்கு நடுவில் கெட்டிக் கதவுள்ள வீட்டில் வையுங்கள். உண்டியலைவிட எண்ணெய் டின்னுக்குத்தான் இங்கே பூட்டு முக்கியம்.

நான் கமிட்டியிலும் இருக்கிறேன், சாமான் என் கடையிலிருந்தும் போகிறது. தப்பா?

தப்பில்லை, ஆனால் பேச்சு வரும். ஊரில் ஒரே மளிகைக் கடை உங்களுடையது என்றால் வேறு வழியும் இல்லை. இரண்டு வேறு கடைகளில் விலை கேட்டு எழுதிக் கமிட்டி முன் வையுங்கள். கொள்முதல் முடிவெடுக்கும்போது நீங்கள் எழுந்து வெளியே போய்விடுங்கள், அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பில் முழுத் தொகைக்கும் போடுங்கள். தள்ளுபடி கொடுக்க நினைத்தால் பில்லில் குறைக்காமல், பணம் வந்த பிறகு தனியாக நன்கொடையாக எழுதி ரசீது வாங்குங்கள். குறைத்து எழுதிய விலை அடுத்த வருடம் உங்கள் வழக்கமான விலையாக ஆகிவிடும்.

இதைவிடப் பெரிய தலைவலி, திருவிழா பாக்கி. “சாமி காரியம், அப்புறம் தர்றோம்மா” என்று எடுத்துப் போனது தை போய் ஆடி வந்தாலும் வராது. கேட்கவும் கூசும். எடுத்துப் போகும் அன்றே பாதி முன்பணம், தேர் முடிந்து கணக்கு வாசிக்கும் கூட்டத்தில் மீதி என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வராது என்று தெரிந்துபோன பாக்கியை நன்கொடை என்று நீங்களே மனதில் மாற்றிக்கொள்ளாதீர்கள். கமிட்டியிடம் சொல்லி, ரசீது வாங்கி, தர்மக் கணக்கில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் அதே தொகையை நீங்கள் இரண்டு தடவை கொடுப்பீர்கள்.

கொடுத்ததற்கு வரி விலக்கு உண்டா? ட்ரஸ்ட் ஆரம்பிக்க வேண்டுமா?

80ஜி என்று சொல்லப்படும் நன்கொடை வரிச் சலுகை, அந்தப் பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் மட்டும். ரொக்கமாக ரூ.2,000-க்கு மேல் கொடுத்தால் கிடையாது. அரிசி மூட்டையாகக் கொடுத்தாலும் கிடையாது, பணமாகப் போக வேண்டும், ரூ.2,000-க்கு மேல் என்றால் வங்கி வழியே. புதிய வரி முறையில் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. சிறு கடைக்காரர்கள் பலரும் இப்போது அதில்தான் இருக்கிறார்கள், ஆகவே சலுகையை நினைத்துக் கொடுக்க வேண்டாம்.

நன்கொடையைக் கடைச் செலவில் எழுதாதீர்கள், அது உங்கள் சொந்தச் செலவு. கடைப் பெயர் போட்ட பந்தல் பேனருக்குக் கொடுத்தது விளம்பரச் செலவாக நிற்கலாம், பில் இருந்தால். ஜிஎஸ்டி பதிவு இருந்து, சொந்தச் சரக்கை இலவசமாகக் கொடுத்தால், அதை வாங்கியபோது கட்டிய வரிக்கு எடுத்த உள்ளீட்டு வரிக் கழிவைத் திருப்ப வேண்டும். தணிக்கையாளரிடம் வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பட்டியலைக் கொடுத்தால் போதும்.

ட்ரஸ்ட் பற்றி: உங்கள் பணத்தை மட்டும் செலவழிக்கும்வரை தேவையில்லை. பத்திரம், பான், வருமான வரிப் பதிவு, ஆண்டுத் தணிக்கை என்று அது இன்னொரு கடை நடத்துவது மாதிரி. வெளியாரிடம் ஆண்டுதோறும் பணம் வாங்கத் தொடங்கிய அன்று யோசியுங்கள்.

சீசனும் திருவிழாவும் ஒன்றாக வருகின்றன. எப்படிச் சமாளிப்பது?

ஏப்ரல், மே மாதத்தில் மாரியம்மன் திருவிழா, காந்தல் குருசடித் திருவிழா, மலர்க் கண்காட்சிக் கூட்டம் எல்லாம் ஒரே நெரிசல். கடைக்கு ஆண்டின் பாதி வருமானம் அந்த எட்டு வாரத்தில். உடலால் செய்யும் பணியை ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கும், படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வரும் குளிர்காலத்துக்கும் ஒதுக்கி, சீசனில் பணமாகவோ பொருளாகவோ மட்டும் கொடுங்கள். மழை மாதத்தில் கோயிலுக்கு ஆள் வருவதில்லை. விளக்கேற்றவும் பாத்திரம் துலக்கவும் அப்போதுதான் கை தேவை.

எந்தப் பொறுப்பை ஏற்றாலும் இன்னொரு பெண்ணைத் துணைப் பொறுப்பாக முதல் நாளே சொல்லிவிடுங்கள். திருவிழா அன்று வீட்டுக்கு விலக்காகலாம், பங்காளி வீட்டில் துக்கம் விழலாம். சாவி, சாமான் பட்டியல், சமையல்காரர் போன் நம்பர், கொடுத்த முன்பணம் இவை நான்கும் அவரிடமும் இருக்க வேண்டும்.

சோறு தவிர வேறு என்ன செய்யலாம்?

அன்னதானத்துக்கு ஊரில் பஞ்சமில்லை, ஒரே நாளில் மூன்று பந்தல்கூட உண்டு. உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிக்கு உணவு கிடைக்கும், கூட இருப்பவருக்குக் கிடைக்காது. பந்தலூரிலிருந்தும் மசினகுடியிலிருந்தும் வந்து இரவு தங்குபவருக்கு, கண்காணிப்பாளரிடம் கேட்டு, வாரம் ஒரு நாள் 30 பொட்டலம் இரவுச் சாப்பாடு கொடுங்கள். திருவிழாவின் 300-ஐவிட அது அதிகம் பயன்படும் என்பது எங்கள் எண்ணம்.

கம்பளி கொடுப்பவர்கள் ஜனவரி கடைசியில் கொடுக்கிறார்கள். உறைபனி நவம்பரிலேயே தொடங்கிவிடும். நிலச்சரிவு, வெள்ளக் காலத்தில் நேராக வண்டி எடுத்துப் போகாதீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது, அந்த மாதிரி நாளில் பாதையே இருக்காது. 1077-க்கு அழைத்தோ தாசில்தார் அலுவலகத்திலோ எந்த முகாமுக்கு என்ன தேவை என்று கேளுங்கள். சோறு குவிந்துகிடக்கும், நாப்கினும் உள்ளாடையும் குழந்தைகளின் ஸ்வெட்டரும் இருக்காது.

இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்குப் போவதானால் ஊர் மூப்பனிடம் முன்கூட்டிக் கேட்டுவிட்டு, வனப்பகுதி என்றால் வனத்துறை அனுமதியோடு போங்கள். பழைய துணி மூட்டை வேண்டாம். அங்கே சேகரிக்கும் தேனையும் சாம்பிராணியையும் உங்கள் கடையில் நியாயமான விலைக்கு, கைக்குக் கை பணம் கொடுத்து வாங்கி விற்பது ஆண்டு முழுக்க நடக்கும் உதவி.

படம் எடுத்துப் போடலாமா?

அடுப்பை எடுங்கள், அண்டாவை எடுங்கள். தட்டை நீட்டுபவர் முகம் வேண்டாம், அவர் அடுத்த தெருக்காரர்.

எனக்குப் பிறகு இது நின்றுவிடக் கூடாது. கட்டளை வைக்கலாமா?

வைக்கலாம். கோயிலில் ஒரு தொகையைச் செலுத்தினால் அதை வைப்பு நிதியில் போட்டு, வட்டியில் ஆண்டுக்கு ஒரு நாள் நீங்கள் சொன்ன திதியில் அன்னதானம் நடத்துவார்கள். ரூ.1,00,000-க்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு ரூ.7,000. இலைக்கு ரூ.40 செலவென்று வைத்தால் 175 பேர். விலைவாசி ஏற ஏற அது 100 ஆகும், பிறகு 60 ஆகும், ஒருநாள் சர்க்கரைப் பொங்கல் பிரசாதத்தோடு நிற்கும். கல்வெட்டில் பெயர் மட்டும் அப்படியே இருக்கும்.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை முதலைக் கூட்டுங்கள். அல்லது ஆண்டு வட்டியில் கால் பங்கை முதலோடு சேர்க்க வேண்டும் என்று கட்டளைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள், நிர்வாகம் ஒப்புக்கொண்டால். என்ன பதார்த்தம், எத்தனை பேர், திதியா தேதியா, திதி இரண்டு நாளில் விழுந்தால் எந்த நாள் என்பதும் எழுத்தில் வேண்டும். ரசீதின் நகலையும் 40 பக்க நோட்டையும் கடையை எடுத்து நடத்தப்போகும் மகளிடமோ மருமகளிடமோ இப்போதே காட்டிவையுங்கள். அந்த நாளில் கோயிலுக்குப் போய் அடுப்படியில் நின்று பார்க்க வேண்டியவர் அவர்தான்.